நர்ஸுப் பயிற்சிக்கு மனுச் செய்வதும் ஆயத்தமாவதும்

(படிப்பு வட்டப் பாடம்)

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்கள் இன்று பலர் உளர். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறியின் ஓசையோடு வளர்ந்தவர்கள் சிலர். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கங்களில் மிளகாய்க் காட்டில் தாய்க்குத் துணை நின்றவர்கள் சிலர். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் முதலிய கரையூர்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. தேர்வு முடிவு வந்தவுடன், “இனி மேலே என்ன படிக்க வைப்பது?” என்ற கேள்வி அவ்வில்லங்களில் எழுகின்றது. நர்ஸுப் பயிற்சி என்பது பலரும் கூறும் விடை.

விடை நல்லதே. ஆயினும் அதன் பேரால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்தபின், எந்த அரசு ஆஸ்பத்திரியும் ஒப்புக்கொள்ளாத ஒரு காகிதத்தோடு வீடு திரும்பும் பெண்களும் நாட்டில் உளர். நெசவுக் கூலியிலும் மானாவாரி மகசூலிலும் சேர்த்த பொருள் இவ்வாறு வீணாகலாகாது. ஆகையால் பயிற்சியின் வகைகள் யாவை, எந்தப் பள்ளியில் சேரலாம், மனு எவ்வாறு செய்வது, எவ்வாறு ஆயத்தமாவது என்பவற்றை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

1. நம் பகுதிக்கு இப்பணி ஏன் வேண்டும்?

நகரத்தில் நர்ஸு என்றால் ஆஸ்பத்திரியில் வெள்ளுடை அணிந்து நிற்பவர் என்று கருதுவர். கிராமத்தில் நாம் ‘நர்ஸம்மா’ என்று அழைப்பவர் துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பாளர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் எளிதில் எட்டவியலாத பகுதியிலும் சுமார் 3,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் துணை நிலையங்கள் அமைய வேண்டும் என்பது நாட்டின் விதி. தமிழ்நாட்டில் இவருக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் என்பது பதவிப் பெயர். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், இரத்த அழுத்தமும் இரத்தச் சத்தும் பார்த்தல், குழந்தைகளுக்குக் காலந்தவறாமல் தடுப்பூசி இடுதல், அபாயக் குறி கண்டால் உடனே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் ஆகியவை இவருடைய கடமைகள்.

இராமேசுவரம் தீவின் வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் அருமை விளங்கும். 1914ஆம் ஆண்டில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலமும் சிதைந்து தீவு தனித்து நின்றது. சாலைப் பாலம் 1988ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய இரயில் பாலமும் வந்துவிட்டது. எனினும், பெருங்காற்று வீசும் நாளில் இரயில் பாலத்தின்மேல் செல்வதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப்பின் மிகையாக இரத்தம் போகத் தொடங்கினாலோ, காற்று ஓயும்வரை அது காத்திராது. சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். அந்நேரத்தில் அருகிலிருப்பவர் பயிற்சி பெற்றவரா அல்லரா என்பதே தாயின் உயிருக்கு ஆதாரம்.

வெளியூரிலிருந்து வரும் நர்ஸு மாறுதல் கேட்டுச் சென்றுவிட்டால் அவ்விடம் காலியாகக் கிடக்கும். இவ்வட்டாரத்துப் பெண்ணாயின், உப்பு நீரும் வெயிலும் அவளுக்குப் புதியன அல்ல. மக்களின் பேச்சும் வழக்கமும் தெரிந்தவள். பெண்ணின் பிழைப்புக்கும் ஊரின் நலத்துக்கும் ஒருங்கே பயன்படும் கல்விகளுள் இது ஒன்று.

2. பயிற்சியின் வகைகள்

சென்னை இராஜதானியில் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி 1854ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. நர்ஸுகளும் மருத்துவச்சிகளும் பதிவு செய்துகொள்வதற்கான சென்னைச் சட்டம் 1926ஆம் ஆண்டில் பிறந்தது. ஆயினும் 1946ஆம் ஆண்டில் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, பிரிக்கப்படாத இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸுகளே இருந்தனர். பெரிய ஆஸ்பத்திரிக்கு உரிய நீண்ட படிப்பை மட்டும் நம்பியிருந்தால் கிராமங்களுக்கு ஆள் கிடையாது. ஆகவே 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் துணை நர்ஸு - மருத்துவச்சி என்ற குறுகிய காலப் பயிற்சி நம் நாட்டில் ஏற்பட்டது. அமெரிக்காவிலும் ‘பிராக்டிகல் நர்ஸு’ என்று ஒரு வகுப்பினர் உளர். சுமார் ஓராண்டு பயின்று, தேர்வெழுதி, உரிமம் பெற்ற பின்னரே அவர்கள் பணி செய்யலாம். காலம் குறுகியதாயினும் உரிமம் இன்றிப் பணி இல்லை என்பதைக் கவனிக்க.

இன்று நம் பெண்கள் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் - பேறுகால உதவியாளர் பயிற்சி. காலம் 2 ஆண்டுகள்; இவற்றுள் கடைசி 6 மாதம் நேரடிப் பணிப் பயிற்சி. பெண்களுக்கு மட்டும் உரியது. சமூக நலம், உணவுச் சத்து, தொற்றுநோய்த் தடுப்பு, முதலுதவி, குழந்தை நலம், பேறுகாலப் பணி, சுகாதார நிலைய நிர்வாகம் ஆகியவை பாடங்கள். கிராம சுகாதாரப் பணிக்கு நேரான வழி இதுவே.

இரண்டாவது, ஜி.என்.எம். எனப்படும் செவிலியர் பட்டயப் படிப்பு. காலம் 3 ஆண்டுகள். உடற்கூறு, நுண்ணுயிரியல், அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பேணுதல், மனநலம், குழந்தை நலம், பேறுகாலப் பணி முதலியவற்றை விரிவாகக் கற்பிப்பர். ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பணிபுரிய இது தகுதி தரும்.

மூன்றாவது, நான்காண்டுப் பட்டப் படிப்பு. அது கல்லூரிக் கல்வி. அதன் விதிகளும் வேறு. இப்பாடம் முதலிரண்டைப் பற்றியதே.

3. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி

இப்பாடத்தில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறக்கலாகாது. எந்தப் பள்ளியின் வாயிலிலும் நாம் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அன்று. “இங்குப் பயின்று தேறிய பெண்ணைத் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்ஸில் பதிவு செய்யுமா?” என்பதே முதற்கேள்வி.

பதிவு என்பது யாது? கைத்தறித் துணியில் முத்திரை இருந்தால் வாங்குவோர் நம்புகின்றனர். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததும் அத்தகைய அடையாளமே. நர்ஸுக்கு அந்த முத்திரை கவுன்ஸிலின் பதிவேட்டில் ஏறும் பெயர். துணியில் முத்திரை இல்லாவிடில் விலை குறையலாம். நர்ஸுக்குப் பதிவு இல்லாவிடில் அரசு வேலையின் வாயிலே திறவாது. நம் மாநிலத்தில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பதிவுச் சான்று கேட்கும். வெளிநாடு செல்வோருக்கு உதவும் அரசு நிறுவனமாகிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நாடினாலும் பதிவு வேண்டும்.

ஊர்தோறும் சுவரொட்டியில் காணும் ‘ஆறு மாத நர்ஸிங்’, ‘ஓராண்டு நர்ஸிங்’ வகுப்புகளின் நிலை என்ன? அவற்றுட் சில, நோயாளியைக் குளிப்பாட்டல், உணவூட்டல், படுக்கை மாற்றல் போன்ற உதவியாளர் வேலைகளைக் கற்பிக்கின்றன. அந்த வேலை இழிவானதன்று. தனியார் ஆஸ்பத்திரிகளில் அதற்குத் தேவையும் உண்டு. ஆனால் உதவியாளர் வேறு, நர்ஸு வேறு. உதவியாளர் சான்றைக் கொண்டு கவுன்ஸிலில் நர்ஸாகப் பதிவு பெற இயலாது. உதவியாளர் பயிற்சியை அதன் பெயராலேயே அளிப்பதில் குற்றமில்லை. நர்ஸுப் படிப்பு என்று சொல்லி நர்ஸுப் படிப்பின் கட்டணத்தை வாங்குவதே கேடு.

உண்மையை அறிய நான்கு சோதனைகள் உண்டு.

(அ) பள்ளி நடத்துவோரிடம் அரசாணையின் நகலும் மாநிலக் கவுன்ஸிலின் அங்கீகாரக் கடித நகலும் கேட்க வேண்டும். எந்தப் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு, எந்த ஆண்டுக்கு என்பதை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு படிப்புக்குப் பெற்ற அங்கீகாரத்தைக் காட்டி மற்றொன்றுக்குச் சேர்ப்பதும் உண்டு.

(ஆ) அவர்கள் காட்டும் காகிதத்தோடு நில்லாமல், கவுன்ஸில் வெளியிடும் பள்ளிகளின் பட்டியலில் அப்பெயர் உளதா என்று நாமே பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்ஸிலும் மாநில வாரியாகப் பட்டியல் வெளியிட்டு வந்துள்ளது. அக்கவுன்ஸிலின் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மனுச் செய்யும் ஆண்டில் பொறுப்பிலுள்ள தேசிய அமைப்பின் பட்டியலைப் பார்ப்பது, பிற மாநிலத்திலும் வெளிநாட்டிலும் பணி நாடுவோருக்கு மிக அவசியம்.

(இ) முடிவுத் தேர்வை நடத்துவது யார் என்று கேட்க வேண்டும். அரசு ஏற்ற தேர்வு வாரியமாயின் நன்று. “நாங்களே தேர்வு வைத்து நாங்களே சான்று தருவோம்” என்று சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

(ஈ) பயிற்சி பெறும் ஆஸ்பத்திரி எங்குள்ளது என்று கேட்டு, நேரில் சென்று பார்க்க வேண்டும். கட்டில்களும் நோயாளிகளும் பிரசவ அறையும் இன்றிப் பலகையில் எழுதிக் காட்டி நர்ஸை உருவாக்க முடியாது. தறியில்லாமல் நெசவு கற்பிப்பது போன்றதே அது.

இந்நான்கும் தேறிய பின்னரே கட்டணத்தைப் பற்றிப் பேசுக.

4. தகுதிகள்

இரு பயிற்சிகளுக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். மேல் எல்லை 35. உடல் தகுதிச் சான்று வேண்டும். தேசியக் கவுன்ஸில் வகுத்த விதிப்படி ஏ.என்.எம். பயிற்சிக்குக் கலைப் பிரிவினரும் அறிவியல் பிரிவினரும் சேரலாம். ஜி.என்.எம். படிப்புக்கு ஆங்கிலத்தில் தேர்ச்சியும் மொத்தத்தில் 40 சதவிகித மதிப்பெண்ணும் வேண்டும். அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மதிப்பெண்ணில் சலுகை உண்டு.

ஆனால் இது குறைந்த அளவு விதியே. அரசுப் பள்ளிகளில் இடங்கள் குறைவு, மனுக்களோ மிகுதி. ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் விளக்கக் குறிப்பேட்டில் எந்தெந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைத் தனியே குறித்திருப்பர். ஆகையால் தந்தைமார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நர்ஸுப் பயிற்சிக்குரிய முடிவு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் எடுக்கப்படுவதன்று. பத்தாம் வகுப்புத் தேறிப் பாடப் பிரிவு தெரிந்தெடுக்கும் நாளிலேயே எடுக்கப்படுகின்றது. இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவை எடுத்த பெண்ணுக்கு எல்லா வழியும் திறந்திருக்கும். சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நர்ஸிங் தொழிற்பிரிவு உண்டு. அது நல்ல அடிப்படையே. எனினும் அப்பிரிவில் தேறியதால் மட்டும் ஒருவர் நர்ஸு ஆகிவிடார்.

5. மனுச் செய்யும் முறை

தேர்வு முடிவு வந்தபின் சில வாரங்களில் அரசு அறிவிப்பு நாளிதழ்களிலும் இணையத்திலும் வரும். மனுச் செய்யக் கிடைக்கும் காலம் சில நாட்களே. சான்றிதழ்களை அப்போது தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை:

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பள்ளி மாற்றுச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, ஆதார் அட்டை, பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், அண்மையில் எடுத்த புகைப்படங்கள்.

இவற்றுள் அடிக்கடி தொல்லை தருவது பெயர் வேறுபாடு. மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் தந்தையின் பெயரோ தலைப்பெழுத்தோ இருக்கும். எழுத்து ஒன்று மாறினாலும் மனு திரும்பிவரக்கூடும். பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாக் காகிதங்களையும் ஒரே பாயில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிழையிருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். வருமானச் சான்றை ஆண்டுக்கு ஆண்டு புதிதாகப் பெற வேண்டும்.

மனுக்கள் இன்று பெரும்பாலும் இணைய வழியே செல்கின்றன. இ-சேவை மையங்களிலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் இயங்கும் பொதுச் சேவை மையங்களிலும் அவ்வசதி உண்டு. அங்குள்ளவர் தட்டச்சு செய்தாலும், அனுப்புவதற்கு முன் பெண்ணே ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். அனுப்பியபின் ஒப்புகைத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கலந்தாய்வு நாளை அறிவிக்கும் செய்தி கைப்பேசிக்கே வருமாதலால், வேறொருவர் எண்ணைக் கொடுத்தல் தகாது. அசல் சான்றுகளை ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு பெறாமல் கொடுக்கலாகாது.

6. பண ஏற்பாடு

அரசுப் பள்ளியில் கட்டணம் சொற்பம். தனியார் பள்ளியில் மிகுதி. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, சீருடை, புத்தகம், தேர்வு, பேருந்து என்று தனித்தனியே எழுதி வாங்கி, முழுக் காலத்துக்கும் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கைகட்டி நிற்பது கூடாது. இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் முதலிலேயே அறிய வேண்டும்.

பணம் தேடும் வரிசையும் முக்கியம். முதலில் உதவித்தொகை: பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட, மிகப் பிற்பட்ட வகுப்பினருக்குரிய உதவித்தொகைகளைப் பள்ளி வாயிலாகக் கேட்க வேண்டும். 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளிகளில் பயின்ற பெண்கள் மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. பட்டயப் படிப்புகளும் அதில் அடங்கும். தான் சேரும் படிப்புக்கு அது உண்டா என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டறிக. இரண்டாவது, வங்கிக் கல்விக் கடன்: 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்றாவதாகத்தான் நகைக் கடன். கந்துவட்டிக்காரர் இவ்வரிசையில் வரவே கூடாது.

இதிலும் ஒரு பயன் உண்டு. வங்கியார் கடன் தருமுன் அப்படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று வினவுவர். “இந்தப் படிப்புக்கு வங்கியில் கடன் கிடையாது, ரொக்கமாகக் கட்டுங்கள்” என்று பள்ளியாரே சொன்னால் அதன் பொருள் யாதென்று நாம் ஆராய வேண்டும்.

7. பெண் ஆயத்தமாகும் முறை

சேருமுன் கிடைக்கும் சில மாதங்களை வீணாக்காமல் நான்கு வகையில் ஆயத்தமாகலாம்.

கணக்கு: நர்ஸின் கணக்கு பெரிய கணக்கன்று, ஆனால் பிழையற்றதாய் இருக்க வேண்டும். ஓர் உதாரணம்: மருத்துவர் 500 மில்லிலிட்டர் நீர்மத்தை 4 மணி நேரத்தில் நரம்பின் வழி ஏற்றச் சொல்கின்றார். குழாயில் 20 துளி விழுந்தால் ஒரு மில்லிலிட்டர். நிமிஷத்துக்கு எத்தனை துளி? மொத்தத் துளி 500 x 20 = 10,000. மொத்த நிமிஷம் 4 x 60 = 240. வகுத்தால் 41.67, அதாவது சுமார் 42 துளி. இக்கணக்கைக் கண்டு நெசவாளர் மகள் அஞ்ச வேண்டுவதில்லை. 40ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 840 கஜம் கொண்ட 40 சிட்டங்கள், ஆக 33,600 கஜம் என்று பாவுக்கு நூல் கணிக்கும் வீட்டில் வளர்ந்தவள் அவள். ஏக்கருக்கு இவ்வளவு உரம் எனில் 65 சென்டுக்கு எவ்வளவு என்று கணிக்கும் உழவர் வீட்டிலும் இப்பழக்கம் உண்டு. கிராம், மில்லிகிராம், லிட்டர், மில்லிலிட்டர் மாற்றங்களை நாள்தோறும் பத்துக் கணக்காகப் போட்டுப் பழகினால் போதும்.

அளவின் பெருமைக்கு உலகறிந்த சான்றும் உண்டு. 1971ஆம் ஆண்டில் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதைப் புகட்டினர். மரணம் நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்து 4க்கும் கீழே இறங்கிற்று. அந்நீரைக் காய்ச்சல் மருந்தைப் போல் மதித்து, சரியான அளவில் கலந்ததே அதன் சிறப்பு. இன்றும் ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும் என்றால், ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். கண் மதிப்பு உதவாது.

ஆங்கிலம்: தமிழ் வழியில் பயின்ற பெண்களுக்கு முதலாண்டில் மலைப்பாகத் தோன்றுவது இதுவே. மருந்தின் பெயர், மருத்துவரின் குறிப்பு, நோயாளியின் பதிவுத்தாள் யாவும் ஆங்கிலத்தில் இருக்கும். உடல் உறுப்புகள், பொதுவான நோய்கள், ஆஸ்பத்திரிப் பொருள்கள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை நாளொன்றுக்கு ஐந்தாக எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் 450 சொற்கள் கைவரும். அன்றாடம் நடந்தவற்றை ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதுவதும் நன்று. நர்ஸின் வேலையில் பாதி குறிப்பெழுதுதல்.

உடல்: நீண்ட நேரம் நிற்கவும் இரவில் விழித்திருக்கவும் வலிமை வேண்டும். இரத்தச் சத்து 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்களுக்குச் சோகை என்று கொள்வர். இது நம் வீடுகளில் மிகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்து, குறைவிருந்தால் மாத்திரையும் கீரையும் கேழ்வரகும் உண்டு சரிசெய்ய மாதங்கள் பிடிக்கும். உடல் தகுதிச் சான்று கேட்கும் நாளில் அதைச் செய்ய இயலாது. கண் பார்வையையும் சோதித்துக்கொள்க.

மனம்: இரத்தம், மலம், புண், மரணம் ஆகியவற்றை நர்ஸு தினமும் காண்பாள். எச்சாதியார், எம்மதத்தார் உடலையும் ஒரே கையால் தொட்டுத் துடைப்பாள். நோயாளியின் இரகசியத்தை ஊரில் பேசாள். இவற்றை ஏற்கப் பெண்ணுக்குத் தானே விருப்பமுண்டா என்று கேட்டறிய வேண்டும். ஊரிலுள்ள நர்ஸம்மாவிடம் அனுமதி பெற்று, தடுப்பூசி நாளில் அருகிலிருந்து பார்க்கச் செய்வது சிறந்த சோதனை. தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை வெப்பத்திலேயே இருக்க வேண்டும் என்பதும், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்று ஏட்டில் பார்த்தே இட வேண்டும் என்பதும் அங்கேயே விளங்கும்.

8. பெற்றோர் அறிய வேண்டுவன

பெண் விடுதியில் தங்க வேண்டும். இரவுப் பணி உண்டு. திருவிழாவுக்கெல்லாம் விடுப்புக் கிடையாது. “இரவில் வெளியே நிற்கும் வேலை” என்று பழித்த காலம் ஒன்று இருந்தது. பழித்தவர் வீட்டுப் பிரசவத்துக்கும் அந்நர்ஸையே நள்ளிரவில் அழைத்தனர். அப்பழியைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. விடுதியின் பாதுகாப்பைத் தாயும் தந்தையும் நேரில் பார்த்து வருவதே முறை.

படிப்பின் நடுவே திருமணம் பேசி நிறுத்துவது பெரிய நஷ்டம். பயிற்சி குறைந்தால் தேர்வில்லை, தேர்வில்லையேல் பதிவில்லை, கட்டிய பணமும் வாராது. தேறியபின் பதிவுச் சான்று பெறத் தாமதிப்பதும் அத்தகையதே. தேர்வு முடிவு வந்ததும் கவுன்ஸிலில் பெயர் பதிந்து சான்று கைக்கு வரும்போதுதான் பயிற்சி நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.

9. சங்கம் செய்யக் கூடியன

தனிக் குடும்பம் ஒரு பள்ளியின் மேலாளர் முன் தயங்கி நிற்கும். சங்கத்தின் பேரால் இருவர் சென்றால் காகிதங்களைக் கேட்கும் துணிவு பிறக்கும். ஆகவே சங்கங்கள் பின்வரும் ஐந்தையும் கருதலாம்: ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் பெண்களின் பெயர்களைக் குறித்தல், அவர்களுடைய சான்றுகளை ஒருநாள் ஒன்றுகூடிச் சரிபார்த்தல், வட்டாரத்துப் பள்ளிகளின் அங்கீகார நிலையைப் பட்டியலில் பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுதுதல், பணியிலுள்ள நர்ஸு ஒருவரை அழைத்துப் பேசச் செய்தல், துணை விதிகள் இடந்தந்தால் கல்விக்கெனச் சிறு நிதி ஒதுக்குதல். இவற்றுள் முதல் நான்குக்கும் செலவே இல்லை.

நல்ல நூலைத் தெரிந்து வாங்குவதற்காகவும் விளைபொருளுக்கு நியாய விலை பெறுவதற்காகவும் நாம் சங்கமாகக் கூடினோம். நம் பெண்களின் கல்வியை வாங்கும்போதும் அதே எச்சரிக்கையோடு கூடி நிற்போமாக.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. உதவியாளர் பயிற்சிக்கும் நர்ஸுப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது? நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அவ்வேறுபாடு தெளிவாக உளதா?

2. பள்ளியின் அங்கீகாரத்தை அறியும் நான்கு சோதனைகளைக் கூறுக.

3. ஏ.என்.எம்., ஜி.என்.எம். ஆகிய இரண்டில் உங்கள் இல்லத்துப் பெண்ணுக்கு ஏற்றது எது? ஏன்?

4. 1,000 மில்லிலிட்டர் நீர்மத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 20 துளி ஒரு மில்லிலிட்டர். நிமிஷத்துக்கு எத்தனை துளி? (முன் கணக்கின் விடையோடு ஒப்பிட்டுக் காரணம் கூறுக.)

5. நம் சங்கத்தில் இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பயிலும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களுடைய சான்றுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?